350 வெள்ளிக்கு 60-களின் ஜப்பான் கிட்டார்: வாங்கலாமா, ஓடிவிடலாமா?

[மடியில் சிவப்பு கிட்டார். ஆம்ப் ஆன்.]

நன்றாகப் பாருங்கள், கம்பியை நான் தொடவே இல்லை. கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்பும் பிக்கப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், "அண்ணே, ரெண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக்" என்கிறேன். ஆம்பில் கேட்கிறதா? கிட்டார் ஆர்டர் கொடுக்கிறது!

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில், பழைய கைக்கடிகாரங்களுக்கும் துருப்பிடித்த ஸ்பானர்களுக்கும் நடுவே படுத்துக் கிடந்தது இது. 400 வெள்ளி என்றார் கடைக்காரர். "நாலு கம்பிதானே அண்ணே இருக்கு" என்றேன். ஐம்பது இறங்கினார்.

வரலாறு சட்டென்று: பீட்டில்ஸ் அலை அடித்த 1960-களில் டெய்ஸ்கோ, குயாடோன், காவாய் என்று மலிவான ஜப்பான் கிட்டார்கள் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்குப் போயின. இங்கே மலேசியாவில் அது குகிரான் காலம், அதாவது 'கும்புலான் கித்தார் ரஞ்சாக்', துள்ளலான கிட்டார் குழுக்கள். போதும், விஷயத்துக்கு வருவோம்.

[பிக்கப் நெருக்கத்தில்]

இதோ, தங்கத் தாள் மினுக்குகிறதே, இதுதான் கோல்ட் ஃபாயில் பிக்கப். தாள் வெறும் ஜரிகை; சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கதை உள்ளே இருக்கிறது. வேறு பல பிக்கப்புகளில் கம்பிச்சுருளை மெழுகில் முக்கி இறுக்கிவிடுவார்கள். இந்தப் பழைய ரகங்களில் பலவற்றுக்கு அந்த மெழுகுக் குளியல் கிடையாது. சுருள் கொஞ்சம் அதிரும். அதனால் நகத்தால் தட்டினாலும் பேசினாலும் மைக் போலப் பிடித்துக்கொள்கிறது. வால்யூமை ஏற்றினால் கீச்சென்று கத்தும். கோளாறுதான். ஆனால் மெதுவாக வாசித்துப் பாருங்கள்... [வாசிக்கிறார்] ...மரப்பெட்டிக்குள் யாரோ முனகுவது போல் இல்லை?

அமெரிக்க கிட்டார் கலைஞர் ரை கூடர் தன் ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரின் பிக்கப்பைக் கழற்றிவிட்டு டெய்ஸ்கோ கோல்ட் ஃபாயிலை மாட்டிக்கொண்டார். பென்ஸில் குட்டிக் கார் கஞ்சிலின் எஞ்சினைப் போட்ட கதை! அதற்கப்புறம் பிக்கப்பை மட்டும் பிடுங்கிக்கொண்டு மற்றதைத் தூக்கிப்போடும் கூட்டம் உருவானது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

சரி, வம்பு எங்கே? நெக்கில், அதாவது கிட்டாரின் கழுத்தில். அதில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் ஃபிரெட். ஆறாவது கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் சேர்த்து அழுத்துங்கள். நடுவில், ஏழெட்டாவது ஃபிரெட் பக்கம், ஒரு காகிதம் நுழையும் இடைவெளி இருந்தால் நல்லது. என்னுடையதில் மைகாட் அடையாள அட்டையே தாராளமாக நுழைந்தது! உள்ளே ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டு இருந்தால் திருகிச் சரிசெய்யலாம். சில மலிவு மாடல்களில் திருகுவதற்கு எதுவுமே இருக்காது. ஐம்பது வருஷம் கம்பி இழுத்த நெக் தானாக நிமிராது.

யாராவது "லாசூட் (வழக்கு) கிட்டார் தம்பி" என்று விலையை ஏற்றினால் சிரித்துவிட்டு நகருங்கள். 1977-ல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஜப்பான் பிராண்டான ஐபனேஸை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் நிறுவனத்தின் மேல் போட்ட ஒரே வழக்கு அது. கிட்டாரின் தலை வடிவத்துக்கான சண்டை, சமரசத்தில் முடிந்தது. அந்தப் பட்டத்தை இன்று 70-களின் எல்லா ஜப்பான் காப்பிக்கும் சூட்டுகிறார்கள். 70-களின் கடைசியில் வந்த டோக்காய், கிரேக்கோ எல்லாம் உண்மையிலேயே அருமையான கிட்டார்கள். ஆனால் அவை இப்போது மலிவு இல்லை.

முதல் கிட்டார் தேடுகிறீர்களா? இதை வாங்காதீர்கள், விரல் புண்ணாகி மூலையில் சாத்திவிடுவீர்கள். கையில் ஏற்கெனவே ஒன்று இருந்தால், ஸ்லைடு, அதாவது விரலில் குழாயை மாட்டிக் கம்பியில் வழுக்கி, வாசிக்க ஆசை இருந்தால், வாங்குங்கள். ஸ்லைடுக்குக் கம்பி உயரமாக நின்றால்தான் வசதி. வளைந்த நெக் அங்கே வரம்!

நான் ஸ்லைடுகூடக் கடையில் வாங்கவில்லை. அதே சந்தையில், பக்கத்துப் பாயில் கிடந்த ஸ்பார்க் பிளக் சாக்கெட், மூன்று வெள்ளி. சுண்டுவிரலில் சரியாக உட்கார்கிறது. என் கிட்டாரில் பெயர் எதுவும் இல்லை, பின்பக்கம் 'மேட் இன் ஜப்பான்' மட்டும். எந்தக் கம்பெனி என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். அதுவரை...

[சாக்கெட்டைக் கம்பியில் இழுக்கிறார்]