உருபும் பொருளும்: பிற மொழிகளின் இலக்கணத்துக்கு ஒரு வழி

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

இந்தி, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் என்று ஏதேனும் ஒரு மொழியை வளர்ந்த வயதில் கற்கத் தொடங்குகிறவர்களில் பலர், சொற்களை ஆர்வத்தோடு சேர்த்துக்கொண்டே வந்து, இலக்கணம் தொடங்கும் இடத்தில் தயங்கி நின்றுவிடுகிறார்கள். பள்ளியில் படித்த தமிழ் இலக்கணம் உங்களுக்கு உதவவில்லையா என்று அவர்களைக் கேட்டால், அது தேர்வோடு போயிற்று, அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று திருப்பிக் கேட்பார்கள். தொடர்பு உண்டு என்பதையும், அது எங்கே உதவும், எங்கே உதவாது என்பதையும், வேற்றுமை என்ற ஒரு பகுதியைப் பெரும்பாலும் சார்ந்து இன்று விளக்க விரும்புகிறேன்.

பாடநூலில் இருந்த வேற்றுமை அட்டவணையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். முதல் வரிசையில் வேற்றுமையின் எண், இரண்டாம் வரிசையில் உருபு, மூன்றாம் வரிசையில் பொருள். நாம் மனப்பாடம் செய்தது இரண்டாம் வரிசையை: ஐ, ஆல், கு, இன், அது, கண். பிற மொழி கற்பவருக்கு அந்த வரிசையால் பயன் எதுவும் இல்லை, ஏனெனில் ஐயும் ஆலும் தமிழுக்கு உரியவை. நாம் அவசரமாகக் கடந்துபோன மூன்றாம் வரிசைதான், அதாவது கருவி, கருத்தா (செயலைச் செய்பவர்), உடனிகழ்ச்சி (சேர்ந்து நிகழ்தல்), கொடை, நீங்கல், எல்லை என்று நீளும் பொருள்களின் பட்டியல்தான், எந்த மொழிக்குப் போனாலும் நம்மோடு வரக்கூடியது. கத்தியால் வெட்டுவதும், நண்பனோடு நடப்பதும், ஊரிலிருந்து கிளம்புவதும் எல்லா மக்களுக்கும் உள்ள செயல்கள். அவற்றைச் சொல்ல ஒரு மொழி எதைப் பயன்படுத்துகிறது என்பதே கற்பவர் கேட்க வேண்டிய கேள்வி. தமிழ் பெயரின் பின்னால் உருபைச் சேர்க்கிறது. ஆங்கிலம் பெயரின் முன்னால் ஒரு சிறு சொல்லை வைக்கிறது. ஜெர்மன் அத்தகைய முன்னிடைச்சொல்லோடு, பெயருக்கு முன் வரும் சுட்டுச்சொல்லின் வடிவத்தையும் மாற்றுகிறது. 'இன் டீ ஷூலே' என்றால் பள்ளிக்கு, 'இன் டேர் ஷூலே' என்றால் பள்ளியில். 'இன்' மாறவில்லை, 'ஷூலே' மாறவில்லை, இடையில் நிற்கும் சிறுசொல் ஒன்றே மாறியிருக்கிறது. ஜெர்மன் மாணவர் தொடக்கத்தில் பெரிதும் திணறும் இந்த இடம், 'கு' என்றும் 'இல்' என்றும் நாள்தோறும் பிரித்துப் பேசும் தமிழருக்குப் பொருளளவில் புதியதே அன்று.

உருபு வேறு, பொருள் வேறு என்ற தெளிவு நம் இலக்கண நூல்களுக்கு மிகப் பழையது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் ஒன்பது இயல்களில் மூன்று வேற்றுமைக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அவற்றுள் ஒன்றான வேற்றுமை மயங்கியல், ஒரு வேற்றுமையின் உருபு இன்னொன்றின் பொருளில் வருவது போன்ற மயக்கங்களைப் பேசுகிறது. வடமொழியில் பாணினியும், செயலில் ஒரு பெயருக்குள்ள பங்கைக் காரகம் என்றும், அதைக் காட்டும் ஈற்றை விபக்தி என்றும் தனித்தனியாக வைத்தார். இந்தப் பிரிவினையைப் பற்றிக்கொண்டவர், ஒரு மொழியின் உருபு ஒன்று மற்றொரு மொழியில் மூன்று வடிவங்களாகப் பிரிந்தாலும், மூன்று உருபுகள் ஒன்றாகச் சேர்ந்தாலும் குழம்ப மாட்டார்.

இந்தியில் வரும் 'ஸே' என்ற சிறு சொல்லைப் பாருங்கள். அகராதி அதற்கு 'ஆல், இருந்து, விட, இடம்' என்று பல பொருள்களை அடுக்கும், மாணவர் அவற்றைத் தொடர்பில்லாத துண்டுகளாக உருப்போடுவார். நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்குச் சொல்லும் பொருள்கள் நான்கு: நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்னும் காரணம். மலையின் வீழருவி, காக்கையிற் கரிது களம்பழம், மதுரையின் வடக்குச் சிதம்பரம், கல்வியிற் பெரியர் கம்பர் என்பவை நாம் கேட்டுப் பழகிய எடுத்துக்காட்டுகள். 'தில்லீ ஸே' என்றால் தில்லியிலிருந்து, அது நீங்கல். 'மோஹன் ஸோஹன் ஸே லம்பா ஹை' என்றால் மோகன் சோகனைவிட உயரம், அது ஒப்பு. 'தில்லீ ஸே உத்தர்' என்றால் தில்லிக்கு வடக்கே, அது எல்லை. 'புகார் ஸே' என்றால் காய்ச்சலால், அது ஏது. நான்கும் அப்படியே பொருந்துகின்றன. இன்றைய பேச்சில் நாம் 'காக்கையைவிட' என்றும் 'மதுரைக்கு வடக்கே' என்றும் மாற்றிக்கொண்டதால் நமக்கே மறைந்துபோன ஓர் ஒழுங்கை இந்தி வெளிப்படையாக வைத்திருக்கிறது. இவற்றோடு 'சாகூ ஸே', அதாவது கத்தியால் என்ற கருவிப் பொருளையும் சேர்த்துக்கொண்டால் அந்தச் சொல்லின் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். உடனிகழ்ச்சிக்கு இந்தி பெரும்பாலும் 'கே ஸாத்' என்று வேறொன்றை வைத்துக்கொள்கிறது. ஆங்கிலமும் ஜெர்மனும் இதற்கு நேர்மாறாக, கருவியையும் உடனிகழ்ச்சியையும் 'வித்' என்ற ஒன்றாலும் 'மிட்' என்ற ஒன்றாலும் சொல்கின்றன. இது நமக்கு வியப்பாக இருக்க வேண்டியதில்லை. ஆலும் ஓடும் உருவில் வேறாயினும், அவற்றை ஒரே மூன்றாம் வேற்றுமையில் வைத்தவர்கள் நம் இலக்கணிகளே.

நான்காம் வேற்றுமை இதைவிட வளமானது. எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும் என்று உடலும் மனமும் உணர்பவற்றை நாம் நான்காம் வேற்றுமையில் சொல்கிறோம். ஆங்கிலம் இவற்றில் நான் என்ற எழுவாயை வைப்பதால், ஆங்கிலத்தின் வழியாகவே மூன்றாவது மொழியைக் கற்கும் நம்மவர் தேவையற்ற சுற்றுப்பாதையில் போகிறார்கள். இந்தியில் 'முஜே பூக் லகீ ஹை', மலையாளத்தில் 'எனிக்கு விசக்குந்நு', சிங்களத்தில் 'மட்ட படகினி' என்று தொடங்குபவை எல்லாம் 'எனக்கு' என்றே தொடங்குகின்றன. இது தெற்காசியாவோடு நின்றுவிடுவதும் இல்லை. குளிர்கிறது என்று சொல்ல ஜெர்மானியர் 'மீர் இஸ்ட் கால்ட்' என்பார்கள். 'மீர்' என்பது எனக்கு. ஆங்கிலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு 'இஷ் பின் கால்ட்' என்று சொன்னால், நான் அன்பற்ற ஆள் என்ற பொருள் வந்துவிடும். ஸ்பானியர் பிடித்ததைச் சொல்லும் 'மே குஸ்தா' என்பதும் 'எனக்கு' வகையைச் சேர்ந்ததே. இத்தகைய இடங்களில் ஆங்கிலத்தை மறந்து தமிழிலிருந்து நேராகப் போவது மேல் என்று நான் எப்போதும் சொல்வேன்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். 'எனக்குப் புத்தகம் பிடிக்கும்' என்பதில் புத்தகத்தைப் புத்தகங்கள் என்று பன்மையாக்கினாலும் 'பிடிக்கும்' மாறுவதில்லை. 'எனக்கு அவனைப் பிடிக்கும்' என்று அந்தப் பெயர் ஐயுருபையும் ஏற்கும். ஸ்பானியத்தில் பிடித்த பொருளே எழுவாய் ஆகையால், 'மே குஸ்தா எல் லிப்ரோ' என்ற ஒருமை, புத்தகங்கள் பலவானால் 'மே குஸ்தான் லோஸ் லிப்ரோஸ்' என்று வினையிலும் பன்மை கொள்ளும். அப்படியானால் தமிழ்த் தொடரில் எழுவாய் எது? 'அவனுக்குத் தன் ஊரைப் பிடிக்கும்' என்பதில், பொதுவாக எழுவாயைச் சுட்டும் 'தன்' என்ற சொல், 'கு' உருபு ஏற்ற பெயரைச் சுட்டுகிறது. உருபால் நான்காம் வேற்றுமை, நடத்தையால் எழுவாய் போன்றது என்று அதைக் கொள்ளலாம். நான்காம் வேற்றுமைக்குக் கொடை, பகை, தகுதி, பொருட்டு, முறை என்று விரிவாகப் பொருள் சொன்ன நூலோர், உணர்பவரை ஒரு தனிப் பொருளாகப் பெயரிட்டுச் சொல்லவில்லை. 'இதற்கு இது' என்னும் பொதுமையில் அதை அடக்கிக்கொள்ள இடம் உண்டு என்றாலும், தனியே பெயரிட்டிருந்தால் இன்றைய மாணவருக்குப் பெரிதும் உதவியிருக்கும்.

இரண்டாம் வேற்றுமையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'மரம் வெட்டினான்' என்றும் சொல்கிறோம், 'மரத்தை வெட்டினான்' என்றும் சொல்கிறோம். ஆனால் 'அண்ணன் பார்த்தேன்' என்று யாரும் சொல்வதில்லை. உயர்திணைப் பெயரில் ஐயுருபு ஒழியாமல் வரும் என்பதைத் தொல்காப்பியத்தின் தொகைமரபு குறித்திருக்கிறது. ஸ்பானியத்தில் செயப்படுபொருள் குறிப்பிட்ட மனிதராக இருந்தால் பொதுவாக அதன் முன் 'அ' என்ற சிறு சொல் வரவேண்டும் என்பதும், இந்தியில் 'பச்சே கோ தேகா' என்று குழந்தைக்குக் 'கோ' வருவதும், 'கிதாப் படீ' என்று புத்தகத்துக்கு அது வராமல் இருப்பதும் இதே வகையான ஏற்பாடுகள். துருக்கி மொழி உயிருள்ளதா என்று பார்க்காமல், குறிப்பிட்ட பொருளா என்று பார்க்கிறது. 'கிதாப் ஒகுதும்' என்றால் புத்தகம் படித்தேன்; 'கிதாபி ஒகுதும்' என்றால் அந்தப் புத்தகத்தைப் படித்தேன்.

ஒரு மொழியின் சட்டத்தில் இன்னொரு மொழியைப் பொருத்திப் பார்ப்பதன் பயனையும் இடரையும், நம் மொழியைப் பிறர் கற்ற வரலாற்றிலேயே காணலாம். 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் வாழ்ந்த என்ரிக்கே என்ரிக்கஸ் அடிகள் போர்த்துக்கீசிய மொழியில் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம், 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் லத்தீனில் அச்சாயிற்று. வீரமாமுனிவரும் கொடுந்தமிழ் என்ற பேச்சுத் தமிழுக்கு லத்தீனிலேயே இலக்கணம் வரைந்தார். அவர்கள் பயின்ற லத்தீனில் வேற்றுமைகள் ஆறு. நீங்கலையும் கருவியையும் பெரும்பாலும் இடத்தையும் ஒரே வேற்றுமையில் குவித்து வைக்கும் மொழி அது. தமிழின் ஆலும் ஓடும் இல்லும் இருந்தும் தனித்தனியாகக் கேட்கும் இடங்கள் அந்தச் சட்டத்தில் இல்லை. அவர்களுக்கு முன்பே 11-ஆம் நூற்றாண்டில் வீரசோழியம் என்ற தமிழ் இலக்கண நூல் வடமொழிச் சட்டத்தைத் தமிழுக்குப் பெரிய அளவில் பொருத்திப் பார்த்தது. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், பெயரின் பின் ஒட்டும் ஒவ்வொன்றையும் வேற்றுமை என்று கொண்டால் தமிழில் அவற்றின் தொகை எட்டோடு நிற்காது என்று சுட்டினார். இந்தக் கருத்தை நினைவில் வைத்துக்கொண்டால் ஃபின்னிய மொழியின் பதினைந்து வேற்றுமைகள் அச்சமூட்டுவதில்லை. வீடு என்பதற்கு 'தலோ'. வீட்டில் 'தலோஸ்ஸ', வீட்டிலிருந்து 'தலோஸ்த', வீட்டுக்குள் 'தலோன்'. நம் மொழியையும் அப்படி எண்ணினால் நாமும் பதினைந்தைத் தாண்டிவிடுவோம்.

பால் பாகுபாட்டில் நம் இலக்கணம் கைகொடுக்காது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். தமிழில் பாலும் திணையும் பொருளைப் பார்த்து அமைபவை. ஜெர்மனில் சூரியன் பெண்பால், நிலவு ஆண்பால். பிரெஞ்சில் இரண்டும் தலைகீழ். ஜெர்மனில் சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்', 'ஷென்' என்ற சிறுமை விகுதியின் காரணமாக அலிப்பால், அதாவது ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத மூன்றாம் பால். இங்கே காரணம் தேடி நேரத்தை வீணாக்காமல், ஒவ்வொரு பெயரையும் அதன் பாலோடு சேர்த்தே மனத்தில் பதிப்பதைத் தவிர வழியில்லை.

தமிழர் இந்தியில் பெரிதும் தடுமாறும் 'நே' என்ற உருபுக்கு வருகிறேன். 'ராம் நே ரோட்டீ காயீ' என்றால் இராமன் ரொட்டி சாப்பிட்டான் என்று பொருள். சாப்பிட்டவன் ஆண், ஆனால் வினை பெண்பாலில் நிற்கிறது. ரொட்டி இந்தியில் பெண்பால், வினை அதனோடு இயைகிறது. எழுவாயோடு பயனிலை இயைய வேண்டும் என்பதை அறியாமலேயே கடைப்பிடிக்கும் நமக்கு இது விதிமீறலாகத் தோன்றும். மூன்றாம் வேற்றுமையின் கருத்தாப் பொருளை நினைத்துக்கொண்டு, 'இராமனால் ரொட்டி உண்ணப்பட்டது' என்று அதை ஒருமுறை மாற்றிப் பாருங்கள். உண்ணப்பட்டது ரொட்டி, ஆகவே வினை ரொட்டியோடு போகிறது. இது வெறும் நினைவு உத்தி அன்று. வடமொழியில் இறந்தகாலச் செயப்பாட்டுப் பொருளில் வழங்கிய எச்சத் தொடர்களிலிருந்தே இந்த அமைப்பு வளர்ந்தது. இன்றைய இந்தியில் இது செயப்பாட்டுவினை அன்று, இயல்பான செய்வினைத் தொடரே. ஆகையால் தொடக்கப் பயிற்சியில் மட்டும் அந்தத் தமிழ் வடிவத்தைப் பயன்படுத்திவிட்டுப் பிறகு விட்டுவிட வேண்டும்.

செயப்படுபொருள் உள்ள வினை, முற்றுப்பெற்ற செயல், இந்த இரண்டும் சேர்ந்தால் 'நே' வரும் என்று பாடநூல்கள் சொல்லும். அதற்கு விலக்காகச் சில வினைகள் உண்டு. 'லானா', அதாவது கொண்டுவருதல், அவற்றுள் ஒன்று. 'வஹ் கிதாப் லாயா' என்பதில் 'நே' இல்லை. அந்த வினை, 'லே' என்ற எடுத்தலும் 'ஆனா' என்ற வருதலும் சேர்ந்து உருவானது. வருதல் செயப்படுபொருள் குன்றிய வினை என்பதால் அதன் இயல்பே தொடர் முழுவதிலும் செல்கிறது. கொண்டு என்ற எச்சத்தோடு வா என்ற வினையைச் சேர்த்து 'கொண்டுவா' என்று நாமும் அதே முறையில்தான் அந்தச் செயலைச் சொல்கிறோம். 'பூல்னா' என்ற மறத்தல் வினையும் 'நே' ஏற்பதில்லை. அதற்கு இவ்வளவு தெளிவான காரணம் காட்ட முடியாது. விலக்குப் பட்டியலில் வைத்தே படித்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.