ஒட்டுப்பாலும் டயரும்

வணக்கம், நேயர்களே. கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டு இதைக் கேட்பவர்கள் உங்கள் கார் டயரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். அணுக்கள் எப்படிப் பிணைகின்றன என்று பேச அழைத்தார்கள். நான் டயரில்தான் தொடங்குவேன். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன், வேறு வழி தெரியாது.

பேராவில் அம்மா பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுத்தார். மரத்தில் காய்ந்த ஒட்டுப்பாலை நார்நாராக உரித்துச் சுற்றிப் பந்து செய்வோம். ஓங்கி அடித்தால் லயத்து வீட்டுக் கூரையைத் தொடும். ஒருநாள் அதைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். மத்தியான வெயிலில் பந்து இளகி, பை, துணி, தொடை எல்லாம் ஒன்றாகிவிட்டது. அம்மா மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார். கூடவே நாலு அடி. தொடை பிழைத்தது, கால்சட்டை பிழைக்கவில்லை.

சரி, அந்தப் பந்து இளகியது, கொதிக்கும் தாரில் ஓடும் டயர் ஏன் இளகுவதில்லை?

ரப்பர் என்பது நீள நீளமான சங்கிலிகள். ஒரு சங்கிலிக்குள் பக்கத்துப் பக்கத்துக் கார்பன் அணுக்கள் நடுவிலுள்ள எலக்ட்ரான் ஜோடியைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டு அணுக்கருவும் அதே ஜோடியை இழுப்பதால் இரண்டும் விலக முடிவதில்லை. 1916-இல் கில்பர்ட் லூயிஸ் சொன்ன கருத்து இது. பசையும் கிடையாது, கயிறும் கிடையாது.

ஆனால் ஒரு சங்கிலிக்கும் அடுத்த சங்கிலிக்கும் அப்படி எதுவும் இல்லை. தட்டில் கிடக்கும் மீ நூடுல்ஸ் மாதிரி சிக்கிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். சூடு ஏறினால் வழுக்கும்.

தோட்டத்து ஸ்டோரில் ஆசிட் ஊற்றி ரப்பர் பாலை உறைய வைப்பார்களே, அது பிணைப்பு இல்லையா என்று கேட்பார்கள். இல்லை. பாலில் மிதக்கும் துகள்கள் எல்லாம் எதிர்மின்னூட்டத்தோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கும். ஆசிட் அந்தத் தள்ளலைப் போக்கிவிடுகிறது, துகள்கள் சேர்ந்து கட்டியாகின்றன. திரும்பவும் சொல்கிறேன்: அங்கே ஒட்டுகின்றன, பிணையவில்லை.

பிணைத்தது கந்தகம். அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவருக்கும் என் கால்சட்டைத் தொல்லைதான். வெயில் காலத்தில் ரப்பர் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-இல் கந்தகம் கலந்த ரப்பர் சூட்டில் பட்டபோது, உருகாமல் பதப்பட்டதைக் கண்டார். கந்தக அணுக்கள் ஒரு சங்கிலிக்கும் இன்னொன்றுக்கும் பாலம் போட்டுவிடுகின்றன. இழுத்தால் நீளும், விட்டால் பழைய இடத்துக்கு வரும். பழைய டயரைப் பிளாஸ்டிக் நாற்காலி போல உருக்கி மறுபடி வார்க்க முடியாததற்கும் அந்தப் பாலங்கள்தான் காரணம்.

நேரம் முடிகிறது என்று ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். உப்பை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: அங்கே பகிர்வே இல்லை. சோடியம் ஓர் எலக்ட்ரானைக் குளோரினிடம் கொடுத்துவிடும், நேர்மின்னும் எதிர்மின்னும் ஈர்த்துக்கொள்ளும். அது தண்ணீரில் ஏன் கரைகிறது என்பதற்கு இன்று நேரமில்லை. வணக்கம்.