நான்கு அடி நடந்து பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

"காலில் என்ன கட்டு?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை, சுளுக்குதான்" என்று பதில் வரும். நான் பிசியோதெரபிஸ்ட். 25 ஆண்டுகளாக விளையாட்டுக்காரர்களின் கால்களைப் பிடித்துத்தான் பிழைப்பு ஓடுகிறது. சுளுக்கோடு எனக்குப் பகை எதுவும் கிடையாது. அதன் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிற அந்தத் 'தான்' இருக்கிறதே, அதோடுதான் நெடுநாள் சண்டை. இன்று சுளுக்கு, எலும்பு முறிவு, குதிகால் நாண், குழந்தைகளின் பாதம் என்று நான்கையும் பேசிவிடலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். பார்ப்போம்.

கால் எப்படிப் பிசகுகிறது? பந்துக்கு எம்பிக் குதித்து இறங்குகிறீர்கள். பாதம் தட்டையாகப் பதியாமல் உள்பக்கமாக மடங்கிவிடுகிறது. உடம்பின் முழு எடையும் பாதத்தின் வெளி ஓரத்தில் விழுகிறது. கணுக்காலின் வெளிப்புறத்தில் எலும்பை எலும்போடு பிணைத்து வைத்திருக்கும் கட்டுநார்கள் மூன்று உண்டு. லிகமென்ட் என்று மருத்துவர் சொல்வது இதைத்தான். மூன்றில் முன்னால் இருப்பது பெரும்பாலும் முதலில் கிழிகிறது. அந்தக் கிழிசலுக்கு நாம் வைத்த செல்லப் பெயர் சுளுக்கு. "நரம்பு பிசகிவிட்டது, இழுத்துவிட்டால் சரியாகும்" என்பார்கள். நரம்பு எங்கேயும் போகவில்லை. கிழிந்தது நார். கிழிந்த துணியை இழுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, கிழிந்தது நார் மட்டும்தானா, எலும்பும் போய்விட்டதா? எல்லாரும் எக்ஸ்ரேவுக்கு ஓடுகிறார்கள். அப்படி எடுக்கிற கணுக்கால் படங்களில் பெரும்பாலானவற்றில் முறிவே இருக்காது. இதைக் கவனித்த கனடா மருத்துவர் இயன் ஸ்டியலும் அவருடைய குழுவினரும் 1992-ல் ஓர் எளிய விதியை வெளியிட்டார்கள். அவர்கள் ஊர்ப் பெயரால் ஒட்டாவா விதி என்கிறோம். விரலும் நான்கு அடி நடையும் போதும்.

உட்கார்ந்து கேட்பவர்கள் கையைக் கணுக்காலுக்குக் கொண்டு போங்கள். வண்டி ஓட்டிக்கொண்டு கேட்பவர்கள் வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்ளலாம், அவசரமில்லை. கணுக்காலின் இரு பக்கமும் எலும்பு உருண்டையாகத் துருத்திக்கொண்டிருக்கும். வெளிப்பக்கத்து உருண்டையின் நுனியையும், அதன் பின் விளிம்பில் 6 சென்டிமீட்டர் உயரத்தையும் அழுத்திப் பாருங்கள். உள்பக்கத்திலும் அப்படியே. அடுத்து பாதம். சுண்டுவிரலிலிருந்து பாதத்தின் வெளி ஓரமாகப் பின்னோக்கித் தடவிக்கொண்டே வந்தால், பாதி வழியில் ஒரு மேடு தட்டுப்படும். அது மூன்றாவது இடம். உள்பக்கக் கணுவுக்குச் சற்று முன்னால், பாத வளைவின் மேலே இன்னொரு மேடு இருக்கிறது. அது நான்காவது. அடிபட்ட பிறகு இந்த நான்கில் ஒன்றை அழுத்தும்போது எலும்பிலேயே வலித்தால் எக்ஸ்ரே வேண்டும். அடிபட்ட உடனேயும் நான்கு அடி நடக்க முடியவில்லை, மருத்துவரிடம் வந்த பிறகும் முடியவில்லை என்றாலும் எக்ஸ்ரே வேண்டும். நொண்டி நடந்தாலும் நடைதான், கணக்கில் சேரும்.

இது பெரியவர்களுக்காகச் செய்த விதி. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்கள் இதை நம்பக் கூடாது. வலி தெரியாத காலில் வலியை வைத்து எதை அளப்பது?

மூன்றாவதாக ஓர் இடம் சொன்னேனே, சுண்டுவிரல் எலும்பின் அடிப்பகுதி, அதற்குப் பின்னால் எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று இருக்கிறது. குறிப்பில் இதற்கு இரண்டே வரிதான் எழுதியிருந்தேன், ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ராபர்ட் ஜோன்ஸ் என்று ஓர் எலும்பு மருத்துவர், இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்தில் இருந்தவர். ஒரு நாள் நடனம் ஆடுகிறார். குதிகால் தரையை விட்டு மேலே இருக்கிற நேரம், பாதத்தின் வெளி ஓரம் மட்டும் தரையில் மிதிபட்டது. பாதத்தின் நடுவில் ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தது. அவர் எத்தனையோ கால்களைப் பார்த்த மருத்துவர். அவரே என்ன நினைத்தார் தெரியுமா? தசையை எலும்போடு கட்டிவைக்கும் நாண் ஒன்று அறுந்துவிட்டது என்றுதான். எக்ஸ்ரே கண்டுபிடித்து அப்போது ஏழெட்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. ராண்ட்ஜன் அதைக் கண்டுபிடித்தது 1895-ல். ஜோன்ஸ் தன் காலைப் படம் எடுக்கச் செய்தார். பார்த்தால், சுண்டுவிரலுக்குப் போகும் நீண்ட எலும்பு அடிப்பக்கத்தில் முறிந்திருக்கிறது! காலில் எதுவும் விழவில்லை, யாரும் மிதிக்கவில்லை, உடம்பின் எடையே முறித்திருக்கிறது. தன் காலையே சாட்சியாக வைத்து 1902-ல் கட்டுரை எழுதினார். இன்றும் அந்த முறிவுக்கு ஜோன்ஸ் முறிவு என்றே பெயர். வேறு மருத்துவர்கள் கண்டுபிடித்த நோய்க்குப் பெயர் வைத்தார்கள், இவர் ஆடிய ஆட்டத்துக்குப் பெயர் கிடைத்தது.

ஏன் இதை இவ்வளவு நீட்டுகிறேன்? எலும்பு மருத்துவருக்கே தன் காலில் இருப்பது முறிவா வேறா என்று நினைத்துப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. நாமோ மைதானத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு 'சுளுக்குதான்' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ஜோன்ஸ் முறிவு விழுகிற இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவு, ஆறுவதற்கு நாளாகும். விளையாட்டு வீரர்களுக்கு அங்கே திருகாணி வைக்கும் அறுவை சிகிச்சைகூடச் செய்வதுண்டு. அதே எலும்பின் கடைக்கோடி நுனி மட்டும் பெயர்ந்திருந்தால் அது சுலபமாக ஆறிவிடும். விரல்கடைத் தூரம், ஆனால் வைத்தியமே வேறு. அதனால்தான் விரலால் தொட்டுப் பாருங்கள் என்கிறேன்.

முறிவு இல்லை என்று தெரிந்துவிட்டது. அடுத்து ஐஸ். ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டு, காலை உயரத் தூக்கி வை என்ற நான்கையும் 1978-ல் புத்தகத்தில் எழுதிப் பரப்பியவர் கேப் மெர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். 2014-ல் அவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். தான் சொன்னதைத் தானே திருத்திக்கொள்பவர்களை எனக்குப் பிடிக்கும். என் கருத்து இதுதான். வலி தாங்கவில்லை என்றால் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் ஐஸ் வையுங்கள், தப்பில்லை. முதல் இரண்டு மூன்று நாள் கிரேப் பேண்டேஜ், கால் நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி தலையணை. அழுத்தித் தேய்க்க வேண்டாம். அப்புறம் மெதுவாகப் பாதத்தை அசைக்கத் தொடங்குங்கள், தாங்குகிற அளவுக்கு எடை போடுங்கள். மூன்று வாரம் கட்டிலிலேயே கிடந்தால் கெண்டைக்கால் தசை இளைத்துவிடும்.

வீக்கம் வடிந்ததும் எல்லாரும் என்னை மறந்துவிடுகிறார்கள். நானும் அப்படி மறந்தவன்தான். கல்லூரியில் கைப்பந்து ஆடும்போது கால் மடங்கியது. பத்து நாளில் வீக்கம் போனது, பதினோராம் நாள் வலைக்கு முன்னால் நின்றேன். இரண்டே மாதத்தில் அதே கால், அதே பக்கம், மறுபடியும் மடங்கியது. பிறகு சமதளத்தில் சும்மா நடக்கும்போதுகூட! எலும்பு நன்றாக இருந்தது, நாரும் ஆறியிருந்தது. போயிருந்தது வேறு ஒன்று. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கண்ணால் பாராமலே மூளைக்குச் சொல்கிற உணர்வு நம் மூட்டுகளுக்கு உண்டு. நார் கிழியும்போது அந்தச் செய்தியும் தடுமாறிப்போகிறது. 1965-ல் மைக்கேல் ஃப்ரீமன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை எழுதினார், சமநிலைப் பயிற்சி கொடுத்தால் கால் தடுமாறுவது குறைகிறது என்றும் காட்டினார்.

பயிற்சிக்குக் கருவி எதுவும் வேண்டாம். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். முதலில் முப்பது விநாடி. அது சுலபமானதும், சுவருக்குப் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டு. அடிபடாத காலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஆறிலிருந்து எட்டு வாரம் விடாமல் செய்யுங்கள். வலி போய்விட்டாலும் செய்யுங்கள், வீக்கம் போய்விட்டாலும் செய்யுங்கள். இந்தக் காலால் மற்றக் காலைப் போலவே குதிகாலை உயர்த்தி எம்பவும், ஒற்றைக் காலில் தாவவும், வளைந்து வளைந்து ஓடவும் முடிகிற அன்றைக்கு மைதானத்துக்குப் போங்கள்.

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, இன்னும் இரண்டு நிமிடம் என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள். நான்கில் இரண்டுதான் முடிந்திருக்கிறது, எல்லாம் ஜோன்ஸ் ஆடிய ஆட்டத்தால் வந்தது. மீதியை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன்.

குதிகால் நாண். விளையாடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருக்கும். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். அது அறுந்த நாணாக இருக்கலாம். குப்புறப் படுக்கச் சொல்லிக் கெண்டைக்காலை அமுக்கினால் பாதம் கீழ்நோக்கி அசைய வேண்டும். அசையவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். நடக்க முடிகிறதே என்று ஏமாற வேண்டாம். நாண் அறுந்தவர்களும் நொண்டி நடப்பார்கள். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் சாப்பிடுபவர்களுக்குக் குதிகாலில் வலி வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அந்த மருந்துகள் நாணைப் பலவீனமாக்கக்கூடும்.

ஓட்டத்தைத் திடீரென்று கூட்டியவர்களுக்குப் புறங்காலில் ஒரே புள்ளியில் வலி வந்தால் எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். முதல் இரண்டு வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். வலி தொடர்ந்தால் மறுபடியும் காட்டுங்கள்.

குழந்தைகளுக்கு அரை நிமிடம். 8 வயதிலிருந்து 14 வயதுக்குள், ஓடியாடும் பிள்ளை குதிகால் வலிக்கிறது என்று சொன்னால், வளர்கிற எலும்பின் முனையை நாண் இழுப்பதால் வரும் வலியாக அது இருக்கலாம். ஓட்டத்தைக் கொஞ்ச நாள் குறைத்து, ஷூவுக்குள் குதிகாலுக்கு மெத்தை வைத்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். ஆனால் இரவில் வலித்து எழுந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, நொண்டிக்கொண்டே இருந்தாலோ 'வளருகிற வலிதான்' என்று சொல்லிவிடாதீர்கள். பாருங்கள், இங்கேயும் வந்துவிட்டது அந்தத் 'தான்'.

மணி ஆகிவிட்டது. வணக்கம்.