த்ரீ மைல் ஐலண்ட் தெரியும்... சர்ச் ராக் தெரியுமா?

1979 மார்ச் 28, த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து. உலகமே அதைப் பத்திப் பேசுச்சு. நாலு மாசம்கூட ஆகல. ஜூலை 16, விடிகாலை அஞ்சரை மணி. அமெரிக்காவோட நியூ மெக்சிகோ மாநிலம், சர்ச் ராக். நவஹோ பழங்குடி மக்கள் ஆடு மேய்க்கிற பூமி. அங்க ஒரு யுரேனிய ஆலையோட கழிவுக் குளத்தைத் தாங்கின மண் அணை உடைஞ்சுது. வெளியேறின கதிரியக்கம் த்ரீ மைல் ஐலண்டை விட அதிகம்னு ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க. இதை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கீங்க? கமென்ட்ல சொல்லுங்க.

வரலாற்றைச் சட்டுனு முடிச்சிடறேன். யுனைடெட் நியூக்ளியர் கம்பெனி 1977-ல இந்த ஆலையைத் தொடங்குச்சு. தாதுவை அரைச்சு, கந்தக அமிலத்துல கரைச்சு, யுரேனியத்தைப் பிரிச்சு 'மஞ்சள் கேக்'ங்கற யுரேனியத் தூள் ஆக்கணும். அவ்வளவுதான்.

விஷயமே மிச்சத்துலதான் இருக்கு. ஒரு டன் தாதுவுல யுரேனியம் ஒண்ணு ரெண்டு கிலோ. மீதி முழுக்கக் கழிவு. தோரியம், ரேடியம் மாதிரி கதிரியக்கத் தனிமங்கள் எல்லாம் அதுலயே தங்கிடும். தாதுவோட கதிரியக்கத்துல சுமார் 85 சதவீதம் கழிவுக் குளத்துக்குத்தான் போகுது!

[திரையில்: அணையின் குறுக்குவெட்டுப் படம்]

இப்ப அணையைக் கவனிங்க. கீழ இருக்கறது ஆத்து வண்டல். காஞ்சிருக்கும்போது கல்லு மாதிரி நிக்கும், நனைஞ்சா பொசுக்குனு அமுங்கிடும். அடியில இருக்கற பாறை ஒரே மட்டத்துல இல்ல. அதனால ஒரு பக்கம் கூடுதலா, ஒரு பக்கம் கம்மியா இறங்குச்சு. அணைக்குக் குறுக்கால விரிசல் விட்டுச்சு. விரிசல் இருக்கறது முன்னாடியே தெரியும். இதுக்குக் காவல் என்ன? அமிலத் தண்ணி அணையைத் தொடாதபடி நடுவுல மணல் திட்டு போட்டு வைக்கணும். உடைஞ்ச இடத்துல அது இல்ல. தண்ணி மட்டமும் அனுமதிச்ச அளவைத் தாண்டியிருந்துச்சு. தண்ணி விரிசலுக்குள்ள புகுந்து உள்மண்ணை அரிச்சு, 6 மீட்டர் அகலத்துக்கு வாய் பிளந்துடுச்சு. மணல் திட்டு, தண்ணி மட்ட வரம்பு, இந்த ரெண்டு காவல்ல ஒண்ணு சரியா இருந்திருந்தாலே நிலைமை மாறியிருக்கும்னு நான் உறுதியா நம்பறேன்.

வெளிய போனது 1,100 டன் கழிவு மண், சுமார் 35 கோடி லிட்டர் அமில நீர். 12,000 லிட்டர் தண்ணி லாரியில கிட்டத்தட்ட 30,000 லோடு! எல்லாம் புவெர்கோ ஆத்துல இறங்கி, 130 கிலோமீட்டர் தள்ளி அரிசோனா வரைக்கும் போச்சு.

இதுல எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒண்ணு. புவெர்கோ இயல்பா வருஷத்துல பெரும்பாலான நாள் காஞ்சு கிடக்கிற ஆறு. சுரங்கங்கள்ல இருந்து இறைச்சு விட்ட தண்ணியாலதான் அது வருஷம் முழுக்க ஓடுச்சு. தண்ணி ஓடுதேன்னு ஆடுகளை அங்க ஓட்டிட்டுப் போனாங்க. அந்தச் சுரங்கத் தண்ணியிலயும் யுரேனியம் இருந்துச்சு. அதாவது அணை உடையறதுக்குப் பல வருஷம் முன்னாடியே ஆறு கெட ஆரம்பிச்சாச்சு.

நாலு மாசத்துக்குள்ள ஆலை மறுபடி ஓடுச்சு. 1982-ல மூடினாங்க, அடுத்த வருஷம் சூப்பர்ஃபண்ட் பட்டியல்ல, அதாவது சுத்தப்படுத்த வேண்டிய நச்சுக் கழிவு இடங்களோட அமெரிக்க அரசுப் பட்டியல்ல, சேர்ந்துச்சு. சுமார் 35 லட்சம் டன் கழிவு அங்கேயே கிடக்கு. அதுல இருக்கற தோரியம்-230 பாதியாக் குறையவே 75,000 வருஷம் ஆகும்.