பக்கத்து வீட்டுப் பத்திரம்

நேயர்களுக்கு வணக்கம்.

மதுரை ரயில் நிலையத்தில் இறங்கி டவுன்ஹால் ரோடு வழியாக மீனாட்சியம்மன் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள், தாங்கள் ஒரு பழைய அகழியின் மேல் நடப்பதை நினைப்பதில்லை. நாயக்கர் காலத்துக் கோட்டை மதிலும், அதைச் சுற்றி வெட்டிய அகழியும் இருந்த இடத்தில்தான் இன்றைக்கு வெளி வீதிகளும், மாரட் வீதிகளும், பெருமாள் மேஸ்திரி வீதிகளும் இருக்கின்றன. 1834 முதல் 1847 வரை இங்கே கலெக்டராக இருந்தவர் ஜான் பிளாக்பர்ன். ஊருக்குள் ஜனம் நெருங்கிவிட்டது, காற்றோட்டம் இல்லை, அகழியில் தேங்கிய தண்ணீரால் காய்ச்சல் பரவுகிறது என்று, 1837 வாக்கில் மதிலை இடித்து அகழியைத் தூர்க்கும் வேலையைத் தொடங்கினார். நிலத்தை அளந்தவர் மாரட். ஆட்களை வைத்து வேலை வாங்கியவர் பெருமாள் மேஸ்திரி. இருவர் பெயரும் தெருவுக்கு நின்றுவிட்டது. பிளாக்பர்னுக்கு மதுரை ஜனங்கள் நட்டதுதான் விளக்குத்தூண்.

மதிலைச் சரித்து, அந்த மண்ணையும் கல்லையும் கொண்டே பள்ளத்தை மூடிக்கொள்கிறவர்களுக்கு மனை. இதுதான் அன்றைய ஏற்பாடு. கூடை கூடையாக மண் கொட்டி, தன் வீடு நிற்பதற்கான தரையைத் தானே உண்டாக்கிக்கொண்டவர்கள்தான் அந்தத் தெருக்களின் முதல் குடிகள். அவர்களில் ஒருவர் என் பாட்டனாரின் பாட்டனார். அவரைத் தேடிய கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். அதைவிட முக்கியமாக, அப்படிப்பட்ட சாதாரண மனிதர் ஒருவரை எந்தக் காகிதத்தில் தேடுவது என்பதையும்.

பெரிய மனிதர்களைத் தேடுவது சுலபம். பீட்டர் பாண்டியன் என்று நம் ஜனங்கள் அழைத்த ரவுஸ் பீட்டர், 1812 முதல் 1828 வரை மதுரைக் கலெக்டர். அம்மனுக்கு அவர் கொடுத்த தங்க அங்கவடி, அதாவது குதிரையேறக் கால் வைக்கும் வளையம், கோயிலில் இருக்கிறது, அவருடைய கல்லறை தேவாலயத்தில் இருக்கிறது, கடிதங்கள் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நம் வீட்டுப் பெரியவருக்கு இதில் எதுவும் கிடையாது. வெளிநாடுகளில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளை வைத்தே குடும்பத்தைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். இங்கே 1871-லிருந்து கணக்கெடுப்பு நடந்தாலும், வீடுவீடாகப் பெயர் எழுதிய தாள்களை வைத்திருக்கவில்லை. கூட்டிப்போட்ட எண்ணிக்கைதான் மிச்சம்.

அதனால் நம் குடும்பங்களில் வாய்வழிக் கதை ஒன்று அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் சொல்வது, "திருமலை நாயக்கர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாரு" என்று. மதுரையில் பாதி வீடுகளில் இந்தக் கதை உண்டு. அதில் ஒரு பெருமை இருக்கிறது, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் திருமலை நாயக்கர் 1659-இல் காலமானவர். அகழியைத் தூர்த்தது அதற்குப் பின் ஏறக்குறைய 180 வருஷம் கழித்து. அகழித் தெருவில் வீடு கட்டியவரை நாயக்கர் எப்படிக் கூட்டி வந்திருக்க முடியும்?

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இருந்த மிகப் பழைய காகிதம் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம். என் பாட்டனாரும் அவருடைய சகோதரர்களும் எழுதிக்கொண்டது. அதில் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி வீட்டைப் பற்றி ஒரே வரி: "நமது மூதாதையர் வழியாக நமக்குப் பாத்தியப்பட்டு, நாளது வரை அனுபவித்து வரும் காரை வீடு." அவ்வளவுதான். தாய்ப்பத்திரம் எது, யாரிடமிருந்து வாங்கியது, ஒரு குறிப்பும் இல்லை. பதிவு அலுவலகத்துக்குப் போனால் இருக்காதா என்று கேட்பீர்கள். நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள சொத்துக் கிரயத்தைக் கட்டாயம் பதிய வேண்டும் என்ற ஏற்பாடு 1865-இல் நடைமுறைக்கு வந்தது. 1840-களில் மண் கொட்டி மனை பிடித்தவருக்குப் பதிவுப் பத்திரம் எங்கிருந்து வரும்?

இந்த இடத்தில்தான் பலர் தேடலை விட்டுவிடுகிறார்கள். "நம்ம வீட்டுல காகிதம் இல்ல, முடிஞ்சது." உண்மையில் தேடல் இங்கே திசை மாற வேண்டும். ஒருவருடைய பத்திரம் தொலைந்து போகலாம். அவருக்கு நான்கு பக்கத்திலும் வீடு உண்டு, அந்த நான்கு வீட்டுக்காரர்களும் விற்றார்கள், வாங்கினார்கள், ஒத்திக்கு வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் பத்திரம் எழுதுகிறவர் செக்குபந்தி, அதாவது சொத்தின் நான்கு எல்லை, எழுதியாக வேண்டும். அதில் நம் ஆள் இருந்தே தீருவார்.

செக்குபந்தியைப் படிக்கும் முறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் பார்க்கிறவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்வதுண்டு. "இன்னார் மனைக்கு வடக்கு" என்று எழுதியிருந்தால், விற்கிற மனை அவர் மனைக்கு வடக்கே இருக்கிறது. அப்படியானால் அவர் தெற்குப் பக்கத்து வீட்டுக்காரர். "தென்வடல் வீதிக்கு மேற்கு" என்றால் வீட்டு வாசலுக்குக் கிழக்கே தெரு. நான்கையும் ஒரு தாளில் கட்டம் போட்டுக் குறித்துக்கொண்டே வந்தால், ஒரு தெருவின் ஒரு பக்கம் முழுவதும் ஆள் ஆளாக எழுந்து நிற்கும்.

எங்கள் பழைய வீட்டுக்கு வடக்கு வீட்டுக்காரர்கள் இன்றும் அதே தெருவில் இருக்கிறார்கள். நல்ல மனிதர்கள். "ஐயா, இங்கேயே உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க. பத்திரத்தை மட்டும் வாசல் தாண்ட விட மாட்டோம்" என்றார் அந்த வீட்டுப் பெரியம்மா. அதுதான் சரியான வழக்கம். வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். விக்டோரியா ராணி தலை போட்ட முத்திரைத்தாள், மடித்த இடங்களில் எல்லாம் கிழிந்து, பின்பக்கம் மெல்லிய துணி ஒட்டியிருந்தது. அதில் இப்படி ஒரு வாசகம்: "தென்வடல் வீதிக்கு மேற்கு, அருப்புக்கோட்டையார் இரும்புக்கடை மனைக்கு வடக்கு..."

அருப்புக்கோட்டையார். இரும்புக்கடை. எங்கள் வீட்டில் யாரும் இந்த இரண்டையும் சொல்லிக் கேட்டதில்லை. எந்த ஊரிலிருந்து வந்தார், என்ன தொழில் செய்தார் என்ற இரண்டு கேள்விக்கும் பக்கத்து வீட்டுக்காரர் பத்திரத்தில் விடை. தெருவில் அவரைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை, ஊர் பெயரைச் சொல்லித்தான் அழைத்திருக்கிறார்கள் என்பதும் தெரிகிறது. வந்து குடியேறி வெகுகாலம் ஆன பின்னும் அவர் அந்தத் தெருவுக்கு அருப்புக்கோட்டைக்காரர்தான்.

அதே மூட்டையில் சில வருஷம் கழித்து எழுதிய ஓர் ஒத்திப் பத்திரம். அதில் அதே தெற்கு எல்லை, வாசகம் மட்டும் வேறு: "காலஞ்சென்ற மேற்படியார் வாரிசுகள் மனைக்கு வடக்கு." முதல் பத்திரத்தின் தேதிக்கும் இரண்டாவதன் தேதிக்கும் இடையில் அவர் இறந்திருக்கிறார். மரணச் சான்று எதுவும் கையில் இல்லாத மனிதரின் மறைவை, பக்கத்து வீட்டுக் கடன் பத்திரம் குறித்து வைத்திருக்கிறது.

தேதி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய பத்திரங்களில் தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருக்கும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும். தாது வருஷம் என்றால் 1816-ஆ, 1876-ஆ, 1936-ஆ? முத்திரைத்தாளில் யார் தலை என்று பாருங்கள். தாளின் பின்பக்கம் திருப்பினால் ஸ்டாம்பு வெண்டர் எழுதிய வரி இருக்கும்: எந்தத் தேதியில், எந்த ஊரில், யாருக்கு விற்றது என்று. பலரும் பின்பக்கத்தைப் படம் எடுப்பதே இல்லை. கிராமக் கணக்குகளில் ஃபசலி வரும். ஜூலை முதல் தேதி பிறக்கிற ஆண்டு அது. ஃபசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. 590-ஐக் கூட்டினால் தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைத்துவிடும்.

அவர் இறந்தது எப்போது என்று ஏறத்தாழத் தெரிந்ததும் பதிவு அலுவலகத்தில் நகலுக்கு மனுப் போட முடிந்தது. எழுதிக்கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்ப்படி ஓர் அட்டவணையும், சொத்துப்படி இன்னோர் அட்டவணையும் அங்கே உண்டு. பெயர் அட்டவணையில் அவருடைய மகன்களைத் தேடினேன். அதில் அகப்பட்டது தாது வருஷம் மாசி மாதத்து அடமானப் பத்திரம் ஒன்று. 1877-ஆம் வருஷத் தொடக்கம். சென்னை ராஜதானி முழுவதையும் உலுக்கிய தாது வருஷப் பஞ்சம் உச்சத்தில் இருந்த நேரம்.

எழுதிக்கொடுத்தவர் ஒரு பெண். வீட்டுப் பெரியவர்கள் விருப்பப்படி பெயர்களை வானொலியில் சொல்லாமல் போகிறேன். "திருமங்கலத்திலிருக்கும் இன்னார் குமாரத்தியும், மதுரையிலிருந்து காலஞ்சென்ற இன்னார் பாரியாளும், மைனர்கள் இருவருக்குத் தாயாரும் கார்டியனுமான" என்று ஆரம்பிக்கிறது. நேயர்களே, எங்கள் குடும்பத்தில் அந்தத் தலைமுறைப் பெண் ஒருவர் பெயர் எழுத்தில் இருப்பது இந்த ஒரே இடத்தில்தான். புருஷன் இருந்த வரை அவர் எந்தக் காகிதத்திலும் இல்லை. மகன்கள் தலையெடுத்த பின்பும் இல்லை. நடுவே இருந்த சில வருஷம், வீட்டைக் காப்பாற்றும் பொறுப்பு அவர் தலையில் இருந்தபோது மட்டும், அரசாங்கப் புத்தகத்தில் அவருடைய பெயர், அவருடைய தகப்பனார் பெயர், பிறந்த ஊர் மூன்றும் பதிவாகியிருக்கின்றன.

கடன் வாங்கிய காரணமும் எழுதியிருக்கிறது: "குடும்பச் செலவுக்காகவும் மைனர்கள் சவரட்சணைக்காகவும்." சவரட்சணை என்றால் பராமரிப்பு. தொகை நூறு ரூபாய்க்குச் சற்று மேல், அதனால்தான் பதிவுக்கு வந்தது, அதனால்தான் நமக்குக் கிடைத்தது. கையெழுத்துப் போடும் இடத்தில் ஒரு கீறல். பக்கத்தில் பத்திரம் எழுதியவர், இது இன்னார் கைக்கீறல் என்று குறித்திருக்கிறார். அந்தப் பக்கத்தை விட்டு எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய், அரிசி விலை ஏறி நின்ற காலத்தில், புருஷன் மண் கொட்டி உண்டாக்கிய மனையை அடகு வைத்து, இரண்டு பிள்ளைகளைப் பிழைக்க வைத்திருக்கிறார். அந்த மைனர்களில் மூத்தவர் என் பூட்டனார், பாட்டனாரின் தகப்பனார். கடனை அடைத்து வீட்டை மீட்டிருக்கிறார்கள். இல்லையென்றால் என் பாட்டனார் காலத்துப் பாகப்பிரிவினையில் அந்த வீடு வந்திருக்காது.

இது நம் ஆள்தானா என்று உறுதி செய்ய வேண்டாமா? பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தால், ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறையில் திரும்பத் திரும்ப வரும். பெயர் ஒத்துப்போவதை மட்டும் வைத்து முடிவு செய்தால் பாட்டனும் பேரனும் ஒரே ஆளாகிவிடுவார்கள். தகப்பன் பெயர், தொழில், எல்லை மூன்றும் சேர வேண்டும். எனக்குக் கடைசி உறுதி கிடைத்தது அருப்புக்கோட்டைப் பக்கம், குலதெய்வக் கோயில் பங்காளிகளிடம். சிவராத்திரிக்குத் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று, வசூலிக்கும் பழைய நோட்டு ஒன்றை அவர்கள் வைத்திருந்தார்கள். அதில் "மதுரைத் தலைக்கட்டு" என்ற தலைப்பின் கீழ் என் பூட்டனார் பெயரும், தகப்பனார் பெயரும், இரும்புக்கடை என்ற குறிப்பும். ஆண்கள் பெயர் மட்டும்தான். அந்தத் தாயின் பெயரைக் கேட்டேன். பங்காளிகள் யாருக்கும் தெரியவில்லை. நான் சொல்லித்தான் எழுதிக்கொண்டார்கள்.

கிராமத்தில் தேடுகிறவர்களுக்கு வழி கொஞ்சம் வேறு. தாலுகா அலுவலகத்தில், எந்த நிலம் யார் பெயரில் என்று காட்டும் 'அ' பதிவேடும், அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேடும் கேளுங்கள். நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க 1979-இல் தொடங்கிய யூ.டி.ஆர். திட்டத்தில் பெயர்கள் நிறைய மாறின, ஆகவே அதற்கு முந்தையதையும் வைத்து ஒப்பிடுவது அவசியம். குடும்பத்துக்கு மானிய நிலம் இருந்திருந்தால் நீங்கள் பாக்கியசாலி. 1858-இல் அமைத்த இனாம் கமிஷன், யார் கொடுத்தது, முதலில் பெற்றவர் யார், இப்போது அனுபவிக்கிறவருக்கு என்ன வயது, வாரிசு யார் என்று வரிசையாக விசாரித்து எழுதியிருக்கிறது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. அதில் தாயின் பெயரும் இருக்கும், அது பெரிய பாக்கியம். பரம்பரைக் கர்ணம், அதாவது கிராமக் கணக்குப்பிள்ளை வேலையை 1980-இல் எடுத்தபோது ஒப்படைக்காமல் வீட்டிலேயே தங்கிவிட்ட கணக்குகளும் சில ஊர்களில் இருக்கக்கூடும். அந்த வீட்டுப் பெரியவர்களிடம் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

நகரத்தில் நிலைமை அவசரமானது. மேஸ்திரி வீதிகளிலும் மாரட் வீதிகளிலும் பழைய காரை வீடுகளை இடித்து வணிக வளாகம் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். வீடு இடிகிற அன்று பரணில் இருக்கும் பெட்டியையும் பழைய பேப்பர்காரரிடம் போடுகிறார்கள். இப்போதுள்ள பட்டாவுக்கு உதவாத பத்திரம் என்று நினைக்கிறார்கள். உங்களுக்கு உதவாமல் இருக்கலாம். உங்கள் தெற்கு வீட்டுக்காரரின் கொள்ளுப்பாட்டனார் அதில் இருப்பார். தூக்கிப் போடும் முன், முன்பக்கமும் பின்பக்கமும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் எதையும் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வைத்தால் போதும்.

எனக்கு அடுத்த வேலை திருமங்கலத்தில் இருக்கிறது. அந்தத் தாயின் தகப்பனார் பெயர் கையில் இருக்கிறது. அவருக்குச் சொந்தப் பத்திரம் கிடைக்காமல் போகலாம். அக்கம்பக்கத்துச் செக்குபந்தியில் இருப்பார். திருமங்கலத்துப் பழைய தெருக்களில் 1880-க்கு முற்பட்ட பத்திரம் வைத்திருக்கும் நேயர்கள், எல்லை எழுதிய அந்த நான்கு வரியை மட்டும் எனக்கு வாசித்துக் காட்டினால் போதும். நிலையத்துக்கு ஒரு தபால் அட்டை எழுதுங்கள், நானே வந்து உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.