பாட்டை நமக்குச் சொந்தமாக்குவது நினைவுதான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மழை வரும்போல் இருந்தும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'ஒரு பாட்டு நம் மனதுக்கு நெருக்கமாவது பாட்டின் சிறப்பாலா, அதோடு ஒட்டிக்கொண்ட நினைவாலா?' இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் கண்ணதாசன் வரிகளையும் இளையராஜா மெட்டுகளையும் அழகாக எடுத்துச் சொல்லி, இவ்வளவு இருக்கும்போது நினைவு எதற்கு என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். நல்ல கேள்விதான். நினைவுதான் காரணம் என்று பேச வந்த நான் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த இருவரையும் எங்கள் அணியில் யாரும் குறைத்துப் பேசப்போவதில்லை. அந்தப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். எங்கள் கேள்வி வேறு. இளையராஜா இசையமைத்த படங்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. படத்துக்கு நாலு பாட்டு என்று வைத்தாலும் எத்தனை ஆயிரம் பாட்டு! எல்லாமே சிறப்பானவை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அத்தனையிலும் ஒரே ஒரு பாட்டு மட்டும், டீக்கடை வாசலில் காதில் விழுந்ததும் உங்களை ஏன் நிற்க வைக்கிறது? பக்கத்தில் டீ குடிக்கிறவர் ஏன் அதே பாட்டைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பேப்பர் படிக்கிறார்? மெட்டு, வரி, குரல் மூன்றும் இரண்டு பேருக்கும் ஒன்றுதானே. வேறாக இருப்பது அவரவர் பட்ட வாழ்க்கை மட்டும்தான்.

எதிரணிக்கு வரிகள் மேல் அவ்வளவு நம்பிக்கை என்பதால் வரியில் இருந்தே தொடங்குகிறேன். 'வாராயென் தோழி வாராயோ' 1961-ல் வந்த பாசமலர் படத்தில் எல்.ஆர். ஈஸ்வரி பாடியது. இந்த அறுபது வருஷத்தில் மைக்செட் கட்டிய எந்தக் கல்யாண வீட்டிலாவது இது போடாமல் இருந்திருக்கிறார்களா? விடியற்காலை வாழைமரம் கட்டும்போதே குழாய் ஸ்பீக்கரில் இந்தப் பாட்டு எழுந்துவிடும், பந்தலுக்குள் நுழைகிற யாருக்கும் ஒரு நிமிஷம் தன் சொந்தக் கல்யாணம் ஞாபகம் வராமல் இருக்காது. சரி, அந்தப் படத்தின் முடிவு என்ன? அண்ணனும் தங்கையும் ஒருவர் பின் ஒருவராகச் செத்துப்போகிறார்கள். சகுனம் பார்க்கிற ஊர் நம் ஊர், வாசலில் பூனை குறுக்கே போனால் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிற ஊர். அப்படிப்பட்ட ஊர் அந்தப் படத்துப் பாட்டை மணப்பந்தலில் போடுகிறது என்றால், அந்தப் பாட்டு எப்போதோ படத்தை விட்டுக் கழன்று நம் வீட்டுக் கல்யாணங்களோடு சேர்ந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? அதில் இப்போது இருப்பது நம் அத்தை, நம் சித்தி, நம் வீட்டுப் பந்தல்.

அதே படத்தில் 'மலர்ந்தும் மலராத' இருக்கிறது. கண்ணதாசன் எழுத்து, டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடியது. அதைப் பற்றி என் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் உடன்குடி. கடற்கரைப் பக்கம் என்பதால் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் ஆசிய சேவை எங்களுக்குப் பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி கேட்கும். காலையில் 'பொங்கும் பூம்புனல்', அப்புறம் அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரல்கள், இதிலேதான் நாங்கள் மணி பார்த்தோம், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினோம். அந்த ரேடியோவில் இந்தப் பாட்டு வந்தால் அம்மாவின் கை நின்றுவிடும். மீன் அலசிக்கொண்டிருந்தால் செதில் ஒட்டிய கையை அப்படியே சட்டிக்குள் வைத்துக்கொண்டு, பாட்டு முடிகிறவரை குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பாள். என் தாய்மாமா ஒருவர் வயது இருபது ஆவதற்குள் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். இந்தப் பாட்டை முழுசும் சீட்டியில் அடிப்பாராம், கிணற்றடியில் குளிக்கும்போது அடிக்கிற சீட்டி தெருமுனை வரை கேட்குமாம்.

அது அண்ணன் தங்கை பாட்டுதானே, வரிதானே அழ வைத்தது என்று எதிரணி நண்பர் தலையாட்டுகிறார். நடுவர் அவர்களே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். அதே அடுப்படியில் என் சித்தி உட்கார்ந்திருப்பாள். அவளும் அதே அண்ணனுக்குத் தங்கைதான். ஆனால் மாமா போனபோது அவள் தொட்டில் குழந்தை, முகமே தெரியாது. அதே வரி, அதே ரேடியோ, அதே உறவு. சித்தி தன்பாட்டுக்குத் தலை பின்னிக்கொண்டு, 'நல்ல பாட்டுல்லா' என்பாள். அம்மாவால் 'நல்ல பாட்டு' என்று ஒருநாளும் சொல்ல முடிந்ததில்லை. பாட்டின் சிறப்பு சித்திக்கு வந்து சேர்ந்தது. பாட்டே வந்து சேர்ந்தது அம்மாவுக்குத்தான்.

அடுத்து, 'அந்தக் காலப் பாட்டு மாதிரி வருமா' என்கிற பேச்சு. இது எதிரணிக்குச் சாதகமான வாதம்போலத் தெரியும். யார் யார் சொல்கிறார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். 1976-ல் அன்னக்கிளி வந்து ஊரே 'மச்சானைப் பாத்தீங்களா' என்று பாடித் திரிந்தபோது என் அப்பா, 'இதெல்லாம் நிக்காதுடே, எங்க காலத்துல பாட்டு வேற' என்றார். அந்த இளையராஜா பாட்டிலேயே வளர்ந்த என் அண்ணன், 1992-ல் ரோஜா வந்தபோது அதே வார்த்தையை ரஹ்மானைப் பார்த்துச் சொன்னான். 'சின்னச் சின்ன ஆசை' கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்று நாற்பது வயதைத் தாண்டிவிட்டார்கள், இப்போது வருகிற பாட்டு எதுவும் மனதில் நிற்பதில்லை என்று அவர்களும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மூன்று தலைமுறையும் பொய் சொல்லவில்லை. ஆனால் சிறப்பான பாட்டு எப்போதுமே நாம் இளைஞராக இருந்த காலத்தில்தான் வந்து முடிந்தது என்றால், அது பாட்டைப் பற்றிய உண்மையா, நம்மைப் பற்றிய உண்மையா?

நம்மைப் பற்றியதுதான். வயதானவர்களிடம் பழைய ஞாபகங்களைக் கேட்டால் ஏறக்குறைய பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் நடுவில் நடந்தவைதான் கூட்டமாக வந்து விழுகின்றன என்று உளவியல் ஆராய்ச்சி சொல்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பீட்டர் ஜனாடா என்பவர், இளம்வயதுப் பாட்டுகளைப் போட்டுக் காட்டி மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்து 2009-ல் வெளியிட்டார். சொந்த நினைவைக் கிளப்புகிற பாட்டு வந்தபோது, நெற்றிக்குப் பின்னால் உள்ள ஒரு பகுதி கூடுதலாக வேலை செய்தது. அல்சைமர் மறதி நோயில் மற்ற பகுதிகளைவிடத் தாமதமாகச் சிதைகிற பகுதிகளில் அதுவும் ஒன்று. பேர் மறந்து, ஊர் மறந்து, பெற்ற பிள்ளையின் முகம் மறந்துபோன பெரியவர்கள்கூட, பழைய பாட்டைப் போட்டால் உதடு அசைக்கிறார்களே, அந்த வீடுகளில் இருப்பவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை.

இன்னொரு விஷயம், இதை நான் சொல்லியே ஆக வேண்டும். 'செந்தாழம் பூவில்' என்ற பாட்டை எதிரணித் தலைவர் எடுத்துக் காட்டினார். 1978-ல் வந்த முள்ளும் மலரும், கே.ஜே. யேசுதாஸ் குரல், மலைப்பாதை, காற்று, எல்லாம் சொன்னார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. என் அண்ணனுக்கும் அதுதான் உயிரான பாட்டு. ஆனால் அவனுக்கு அதில் மலையும் இல்லை, காற்றும் இல்லை.

அண்ணன் சவூதியில் வேலை பார்த்த நாட்கள். போன் என்றால் டிரங்கால் போட்டுக் காத்துக் கிடக்க வேண்டும், செலவும் தாங்காது. அதனால் கடலோர ஊர்களில் எல்லோரும் செய்ததை நாங்களும் செய்தோம். கேசட்டில் பேசி அனுப்பினோம். புது கேசட் வாங்குவானேன் என்று அப்பா வீட்டில் கிடந்த பாட்டு கேசட் ஒன்றை எடுத்தார். கடையில் வாங்குகிற பாட்டு கேசட்டின் மேல்விளிம்பில் இரண்டு சின்னக் குழி இருக்கும், அது திறந்திருந்தால் ரெக்கார்டிங் பட்டன் அமுங்காது. அந்தக் குழிகளின் மேல் செல்லோ டேப் ஒட்டிவிட்டு அப்பா பேச உட்கார்ந்தார். நெல் அறுத்தது, மாடு கன்று போட்டது, யார் வீட்டில் யாருக்குக் கல்யாணம், எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், 'சரிடே, வெயில்ல அலையாத' என்றார். 'டொக்' என்று பட்டனை நிறுத்தினார். அந்த இடத்தில் அப்பா குரல் அறுந்து, அடியில் மிச்சமிருந்த 'செந்தாழம் பூவில்' பாதிச் சரணத்தில் இருந்து கிளம்பும்.

அப்பா போனபோது அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. அங்கே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கேசட்டைத்தான் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறான். இப்போது ஊரோடு வந்துவிட்டான். செல்போனில் அந்தப் பாட்டை முழுசாகவே கேட்கலாம், ஆனால் அவனுக்குப் பாட்டு பல்லவியில் தொடங்குவதில்லை. அந்தப் பாதிச் சரணம் வருகிறவரை சும்மா இருப்பான், அந்த இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிடுவான். அவனுக்கு அது அப்பா பேசி முடித்த இடம். எந்தக் கவிஞரும் எழுதாத வரி அது, எந்த இசையமைப்பாளரும் போடாத மெட்டு அது. எங்கள் வீட்டு டேப் ரிக்கார்டர் போட்டது. அதைப் பாட்டின் சிறப்பு என்று எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

எதிரணி கேட்கலாம்: முதல் தடவை கேட்கிற புதுப்பாட்டு உடனே பிடித்துப்போகிறதே, அதற்கு ஏது நினைவு? பிடிக்கும், நான் மறுக்கவில்லை. நேற்று வந்த பாட்டு எனக்கும் பிடிக்கிறது, இரண்டு வாரம் முணுமுணுக்கிறேன், அப்புறம் அடுத்தது வருகிறது, முந்தினதைத் தேடுவதுகூட இல்லை. அதில் ஏதோ ஒரு பாட்டு என்னோடு தங்க வேண்டும் என்றால், அது ஒலித்த நேரத்தில் எனக்கு ஏதாவது நடந்திருக்க வேண்டும். மகளைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்த பஸ்ஸில் ஓடிய ஒரு பாட்டு என்னோடு தங்கிவிட்டது. மெட்டு சுமார்தான், பாடியவர் பேர்கூடத் தெரியாது. அதைக் கேட்டால் இன்றும் என் கை பக்கத்து சீட்டைத் தடவிப் பார்க்கிறது.

நடுவர் அவர்களே, தீர்ப்புக்கு முன் ஒரே ஒரு வேண்டுகோள். எதிரணித் தலைவர் தனக்குப் பிடித்த பாட்டைப் பற்றிக் கடைசியாகப் பேசியதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ராகத்தைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார். பிறகு கல்லூரி விடுதி மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டிக்கு மேல் வைத்த டிரான்சிஸ்டர், பரீட்சைக்கு முந்தின ராத்திரி கரண்ட் போனது, இப்போது உயிரோடு இல்லாத அந்த அறை நண்பர் என்று பேசிக்கொண்டே போனார், குரல் கம்மிப்போய் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். அந்தப் பேச்சையும் எங்கள் அணிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.