காசி யாத்திரைக்கு அம்மாவோட வெளிக்கிட முதல் – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். அடுத்த கேள்வி திருகோணமலை உப்புவெளியில இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறா. மார்கழி மாசம் ஒரு குழுவோட காசி, கயா, பிரயாகை எண்டு 10 நாள் யாத்திரை போகினமாம். அம்மாவுக்கு 68 வயசு, பிரசரும் சீனி வருத்தமும் இருக்கு. "வழிகாட்டி கூட வாறார்தானே, நாங்க உடுப்பை அடுக்கினாப் போதுமா?" எண்டு கேக்கிறா.

போதாது தங்கச்சி. வழிகாட்டி பாக்கிறது பஸ், ரூம், சாப்பாடு, கோயில் நேரம். டிக்கட்டில பேர் பிழைச்சாலோ, அம்மாட குளிசை முடிஞ்சாலோ, காலில புண் வந்தாலோ அவரால பெரிசா ஒண்டும் செய்யேலாது. 30, 40 பேர் வாற குழுவை ஒராளுக்காக அரை நாள் நிப்பாட்டி வைக்கவும் ஏலாது. அந்தப் பக்கத்தை நீங்க இங்கயே முடிச்சிட்டுப் போகவேணும்.

முதல் கடவுச்சீட்டு. இந்தியாவில இறங்கிற நாளில இருந்து குறைஞ்சது 6 மாசம் செல்லுபடியாக வேணும், ரெண்டு பக்கம் வெறுமையா இருக்கவேணும். இல்லையெண்டா இப்பவே புதுப்பிக்கக் குடுங்கோ. எங்களுக்குக் கிட்டத்தில இருக்கிறது வவுனியாப் பிராந்திய அலுவலகம்.

அடுத்தது பேர். கன பேர் மாட்டுப்படுறது இதிலதான். அடையாள அட்டையில முதலெழுத்தோட இருக்கும், கடவுச்சீட்டில அப்பாட பேர் முழுசா வந்திருக்கும். டிக்கட் போடுறவர் போனில கேட்டு எழுதினா ஒரு எழுத்தாவது மாறும். கடவுச்சீட்டுப் படப்பக்கத்தின்ர அடியில அம்புக்குறி மாதிரி அடையாளங்களோட ரெண்டு வரி இருக்கு. மேல் வரியில எல்.கே.ஏ. (LKA) எண்ட இலங்கைக் குறியீட்டுக்குப் பிறகு வாறது குடும்பப் பேர், ரெட்டை அம்புக்குறிக்குப் பிறகு வாறது மற்றப் பேருகள். டிக்கட்டிலயும் வீசாவிலயும் அதே எழுத்து, அதே வரிசை வேணும். ஏஜென்சி டிக்கட் அனுப்பின அண்டைக்கே ரெண்டையும் பக்கத்தில வைச்சு ஒவ்வொரு எழுத்தாப் பாருங்கோ. அப்ப சொன்னாத் திருத்தலாம். விமான நிலையத்துக்கு வந்து சொன்னாக் கஷ்டம்.

வீசாவுக்கு இந்திய அரசின்ர ஈ-வீசாத் தளம் இருக்கு, முகவரி 'கவ். இன்' (gov.in) எண்டு முடியும். அதே மாதிரித் தோற்றத்தில கூடக் காசு வாங்கிற தனியார் தளங்கள் இருக்கு, கவனம். 30 நாள் வீசாவுக்கு, போய் இறங்கிறதுக்கு 30 நாளுக்குள்ளதான் விண்ணப்பிக்கலாம். கடைசி 4 நாளுக்குத் தள்ளிப் போடாதீங்கோ. படம் சதுரமா, வெள்ளைப் பின்னணியில, கண்ணாடி போடாம இருக்கவேணும். முதல் தங்கிற ஹோட்டல் விலாசத்தை ஏஜென்சியிட்ட கேட்டு வைச்சிருங்கோ, படிவத்தில அது வரும். ஏஜென்சியே நிரப்பித் தாறதெண்டா அனுமதிக் கடிதம் அவையின்ர மின்னஞ்சலுக்குத்தான் போகும். அதை வாங்கி அச்சடிச்சு ஆளுக்கு ரெண்டு பிரதி வைச்சிருங்கோ. இன்னொண்டு, 2025 ஒக்டோபரில இருந்து வெளிநாட்டுக்காரர் வருகை அட்டையையும் இணையத்தில நிரப்பவேணும், இறங்கிறதுக்கு முந்தின 72 மணித்தியாலத்துக்குள்ள.

முற்பணம் கட்ட முதல் ஏஜென்சியிட்ட எழுத்தில கேளுங்கோ: வீசாக் காசு சேர்த்தியா, பொதி எத்தனை கிலோ, ஒரு ரூமில எத்தனை பேர், ரயில் எண்டா என்ன வகுப்பு, அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை கிடைக்குமா, ஆருக்கும் சுகமில்லாமல் போனா எவ்வளவு திருப்பித் தருவினம். "எல்லாம் பாப்பம்" எண்டு வாயால சொல்லுறதை நம்பிக் காசு கட்டாதீங்கோ.

இனி அம்மாட உடம்பு. எனக்கு இதுதான் பெரிய கவலை. காசியில கனக்கப் படித்துறைகளில செங்குத்தான கல்லுப் படி, ஈரத்தில வழுக்கும். ஒரு மாசத்துக்கு முதலே பின்னேரத்தில கோட்டை வாசலால கோணேஸ்வரம் மட்டும் ஏறி இறங்கப் பழக்குங்கோ. எந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போறாவோ அதையே போட்டுப் பழகட்டும், புதுச் சப்பாத்தோட யாத்திரை வேண்டாம். கோயிலுக்குக் கோயில் கழட்டவேண்டியிருக்கிறதால நாடா இல்லாத, குதியை இறுக்கிப் பிடிக்கிற சப்பாத்து நல்லம். சீனி வருத்தக்காரருக்குக் காலில உணர்ச்சி குறைஞ்சிருக்கலாம். வெறுங்காலோட நடக்கேக்க கல் குத்தினாலும் தெரியாது, ஒவ்வொரு இரவும் பாதத்தையும் விரலிடுக்கையும் நீங்களே பாருங்கோ. குளிருக்குச் சுடுதண்ணியில கால் வைக்கிறதெண்டாலும் முதல் உங்கட கையை விட்டுப் பாருங்கோ. அவவுக்குச் சூடு விளங்காமப் பொசுங்கிப்போகும்.

மார்கழியில காசி இரவுக்குளிர் 10 பாகைக்குக் கிட்ட இறங்கும். திருகோணமலைக்காரருக்கு அது பழக்கமே இல்லை. ஒரு மொத்தமான சுவெட்டரை நம்பாம உள்ளுக்கு உடம்போட ஒட்டின குளிர் உள்ளுடுப்பு (இனர்), அதுக்கு மேல முழுக்கைச் சட்டை, அதுக்கு மேல சுவெட்டர் எண்டு அடுக்கடுக்காப் போடுங்கோ. காதை மூடுற தொப்பியும் ரெண்டு மூண்டு சோடி மேசும் கட்டாயம். மூடுபனியால ரயிலும் விமானமும் மணிக்கணக்காப் பிந்தும், அதால கையில பிஸ்கட்டும் தண்ணியும் எப்பவும் இருக்கட்டும். சீனி குறைஞ்சு தலை சுத்தினாக் குடுக்கக் குளுக்கோசும் வைச்சிருங்கோ.

குளிசை 10 நாளுக்கு இல்லை, 15 நாளுக்கு. கடைப் பெட்டியோடயே, கையில கொண்டுபோற பேக்கில. பெரிய பொதி பிந்தி வந்தாலும் மருந்து கையில இருக்கும். கிளினிக் கொப்பியின்ர பிரதியும், மருந்தின்ர மூலப்பெயர் எழுதின வைத்தியரின்ர துண்டும் வேணும். இங்கத்தைக் கம்பனிப் பேரைச் சொன்னா அங்கத்தைப் பாமசியில விளங்காது. இன்சுலின் போடுறாவெண்டா பெரிய பொதிக்குள்ள வைக்கவே கூடாது, உறைஞ்சாப் பழுது. அங்கயும் இங்கயும் ஒரே நேரம்தான், மருந்து நேரத்தை மாத்தத் தேவையில்லை.

பொதியில கற்பூரமும் தீப்பெட்டியும் வேண்டாம். ரெண்டும் தீப்பிடிக்கிற சாமான், விமானத்தில விடமாட்டினம். அங்க வாங்கலாம். பவர் பேங்க் கைப் பொதியில மட்டும், 20,000 எம்.ஏ.எச். வரைக்கும் பிரச்சினை இல்லை. திரும்பி வரேக்க கங்கைத் தண்ணிச் செம்பை அதுக்கு மாறாப் பெரிய பொதிக்குள்ள வையுங்கோ. கையில கொண்டுபோனா 100 மில்லிலீற்றருக்கு மேல எண்டு எடுத்துப்போடுவினம்.

போனில ரோமிங்கை இங்கயே போட்டிட்டுப் போங்கோ, வங்கி அட்டைக்கு வாற ஓ.டி.பி. உங்கட நம்பருக்குத்தான் வரும். விசுவநாதர் கோயிலுக்குள்ள போனும் பேக்கும் விடமாட்டினம். அதால ஹோட்டல் பேர், வழிகாட்டியின்ர நம்பர் ரெண்டையும் கடுதாசியில எழுதி அம்மாட மடியில குடுத்து வையுங்கோ. கூட்டத்தில விலகினா அதுதான் உதவும்.

கட்டுநாயக்கவுக்கு வானில 6 மணித்தியாலம் வையுங்கோ, அங்க 3 மணித்தியாலம் முதல் நிக்கவேணும். ஹபரணைப் பக்கம் இரவில யானை றோட்டுக்கு வரும். விடியப்புற விமானமெண்டா முதல் நாளே போய் நீர்கொழும்பில தங்கிறது நல்லம். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேணுமெண்டா 48 மணித்தியாலத்துக்கு முதலே விமான நிறுவனத்துக்குச் சொல்லுங்கோ, காசில்லை.

கடைசியா, மலேரியா. இலங்கையில அது இல்லை எண்டு 2016இல உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்திட்டுது. ஆனா இந்தியாவில இருக்கு. போக முதல் மலேரியாத் தடை இயக்கத்தின்ர திருகோணமலை அலுவலகத்தில, போற இடங்களைச் சொல்லித் தடுப்புக் குளிசை தேவையோ எண்டு கேளுங்கோ, இலவசம். அம்மா எடுக்கிற மருந்துகளையும் அப்பவே காட்டுங்கோ. திரும்பி வந்து சில மாசத்துக்குள்ள காய்ச்சல் வந்தா, டெங்கு எண்டு நினைச்சு வீட்டில இருக்காம ஆஸ்பத்திரிக்குப் போய், "இந்தியா போட்டு வந்தனான், மலேரியாவுக்கும் ரத்தம் பாருங்கோ" எண்டு நீங்களே சொல்லுங்கோ. அவை கேக்குமட்டும் காத்திருக்காதீங்கோ.